நண்பர் பேரில் வரும் லிங்க்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் இந்த மோசடியைப் பார்க்கிறவர்கள் சொல்வது

சாட்ஸ்வொர்த், போன் ரிப்பேர் கடை

மெசஞ்சரில் அதிகம் ஆளைச் சாய்ப்பது "இந்த வீடியோவில் இருக்கிறது நீங்கதானே ஆன்ட்டி?" வகை. தெரிந்த பையன் பேர், தெரிந்த முகம், கீழே ஒரு லிங்க். காவடி முடிந்த வாரத்திலோ, புனித வெள்ளித் தீமிதிக்கு மறுநாளோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கோயிலில் யாரோ எடுத்ததென்று தட்டிவிடுவார்கள். தட்டியதும் பேஸ்புக் லாகின் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். பேஸ்புக்குக்குள்ளேயே இருக்கிறவரிடம் எதற்கு மறுபடி பாஸ்வேர்டு? அங்கேயே மூடிவிட வேண்டியதுதான்.

தட்டின மாத்திரத்தில் பெரும்பாலும் கணக்கு போய்விடாது. பாஸ்வேர்டை அடித்தாலோ, "வீடியோ பார்க்க இதை இறக்குங்கள்" என்று வரும் ஏபிகே ஃபைலை (ஆப் நிறுவும் ஃபைல்) போனில் ஏற்றினாலோதான் வினை.

லிங்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்துக் காப்பி பண்ணி நோட்ஸில் ஒட்டுங்கள், முழு முகவரியும் தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோடு வரை பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். "பேஸ்புக்.காம்" என்று ஆரம்பித்து, சாய்கோட்டுக்கு முன்னால் வேறு எதிலோ முடிந்தால் அது பேஸ்புக் இல்லை. நம்மூர் "கோ.இசட்ஏ" முகவரிகளில் அதற்கு முன்னால் இருக்கும் ஒரு சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம்: வெளி லிங்க்கைப் பேஸ்புக்கே "எல்.பேஸ்புக்.காம்" என்ற தன் முகவரி வழியாகத்தான் அனுப்பும். அப்படி வந்தால் "யூ=" என்பதற்குப் பிறகு எழுதியிருப்பதுதான் போய்ச் சேரும் இடம்.

அம்லாங்கா, ஐடி சப்போர்ட்

ரிப்பேர் கடை அண்ணா சொன்னது தட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. பாஸ்வேர்டை அடித்துவிட்டவர்கள் நேரே பேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மறுநாள் அதே கணக்கிலிருந்து ஊருக்கெல்லாம் லிங்க் போகும். திருடன் ஏற்கெனவே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் லாகினை வெட்டாதவரை புதுப் பாஸ்வேர்டு அவனை வெளியே தள்ளும் என்று நம்ப முடியாது.

முதலில் ஈமெயில். பேஸ்புக் ரீசெட் எல்லாம் அங்கேதான் வரும், அது அவன் கையில் இருந்தால் மற்றதெல்லாம் வீண் வேலை. ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றி, ஃபார்வர்டிங்கும் ஃபில்டரும் பாருங்கள். பேஸ்புக்கிலிருந்து வரும் மடலை நேரே குப்பைக்கு அனுப்பும் ஃபில்டரைப் போட்டு வைத்திருப்பான். அப்புறம் பேஸ்புக் பாஸ்வேர்டு. அதோடு அக்கவுன்ட்ஸ் சென்டரில் எங்கெங்கே லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். தொடர்பு விவரங்களில் உங்களுடையதல்லாத ஈமெயிலோ நம்பரோ இருந்தால் நீக்குங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அவனும் இந்த வழியாகத்தான் திரும்பி வருகிறான். கடைசியாக டூ-ஸ்டெப், அதாவது பாஸ்வேர்டோடு ஒரு கோடும் (ரகசிய எண்) கேட்கும் பூட்டு. அந்தக் கோடு எஸ்எம்எஸ்ஸில் வருவதை விட, அதை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் மேல். ஆனால் போலிப் பக்கத்தில் அந்தக் கோடையும் அடித்தால் அதுவும் காப்பாற்றாது.

உள்ளேயே போக முடியாவிட்டால் "பேஸ்புக்.காம்/ஹேக்டு". வழக்கமாக லாகின் செய்யும் போனிலேயே முயலுங்கள், பேஸ்புக்குக்கு அந்தப் போனைத் தெரியும். பேத்தியின் லேப்டாப்பில் போட்டால் இழுத்தடிக்கும்.

ஃபீனிக்ஸ், வாட்ஸ்அப் குழு அட்மின்

வாட்ஸ்அப்பில் இரண்டு வழி. ஒன்று, "ஆறு இலக்கக் கோடு தவறி உங்க நம்பருக்கு வந்துடுச்சு, அனுப்புங்க" என்று நண்பர் பேரில் வருவது. அந்தக் கோடு உங்கள் கணக்கைத் திறக்கும் கோடு. கொடுத்துவிட்டால் உங்கள் நம்பரை உங்கள் போனில் மறுபடி பதிந்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புதுக் கோடைப் போடுங்கள், அவன் வெளியேறிவிடுவான். அவன் டூ-ஸ்டெப் பின் நம்பர் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். கோடு போட்ட கணமே அவனும் வெளியேதான், பதற வேண்டாம். திரும்பத் திரும்பக் கோடு கேட்டால் காத்திருக்கும் நேரம்தான் நீளும்.

இரண்டாவது நைசானது. "ஓட்டுப் போடுங்க" என்று ஒரு பக்கம், அதில் எட்டு எழுத்துக் கோடு. அதைப் போனில் அடித்தால் அவன் கம்ப்யூட்டர் உங்கள் வாட்ஸ்அப்போடு இணைந்துவிடும். போன் வழக்கம்போல ஓடும், ஒன்றும் தெரியாது. செட்டிங்ஸில் லிங்க்டு டிவைசஸ் திறந்து தெரியாததை லாக்-அவுட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் குற்றமில்லை.

பைன்டவுன், வங்கிப் பணி

லிங்க்கோடு நின்றால் பரவாயில்லை. அடுத்த மெசேஜ் "அவசரம், இவாலட்ல 500 ராண்ட் போடுங்க, சாயங்காலம் தரேன்" என்று வரும். இவாலட், கேஷ்சென்ட் இரண்டுமே கார்டு இல்லாமல் ஏடிஎம்மில் எடுக்கிற பணம். எடுத்துவிட்டால் பின்னாலேயே ஓட முடியாது. வவுச்சர் நம்பரை அனுப்பினாலும் அதே கதை. பேஷாப் என்ற உடனடிப் பணப் பரிமாற்றத்தில் போன நிமிடமே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அனுப்புமுன் அந்த ஆளுக்குப் போன் போட்டுக் குரலைக் கேளுங்கள், அதுவும் மெசேஜில் வந்த நம்பருக்கு இல்லை, முன்பே சேமித்து வைத்த நம்பருக்கு.

அனுப்பிவிட்டால் அந்த நிமிடமே வங்கியின் மோசடிப் பிரிவுக்கு. நம்பர் கார்டுக்குப் பின்னால் அச்சடித்திருக்கும். கூகுளில் தேடினால் போலி நம்பரில் மாட்ட வாய்ப்புண்டு. பிறகு போலீசில் கேஸ் நம்பர் வாங்குங்கள். 2020-இன் 19-ஆம் எண் சைபர்கிரைம்ஸ் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது, "இதெல்லாம் கேஸ் ஆகாது" என்று திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். ஐடி புத்தகத்தின் போட்டோவையும் அனுப்பியிருந்தால் எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் புரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன் செய்யுங்கள், இலவசம். உங்கள் பேரில் யாரும் கடன் வாங்க வந்தால் கொடுக்கிறவருக்கு எச்சரிக்கை போகும்.

திடீரென்று போனில் சிக்னலே இல்லையென்றால் சிம் ஸ்வாப்பாக இருக்கலாம், அதாவது உங்கள் நம்பரைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். வேறொரு போனிலிருந்து முதலில் வங்கி, அடுத்து நெட்வொர்க். பலர் நெட்வொர்க் கவுன்டரில் வரிசையில் நிற்கும்போதே கணக்கு காலியாகிவிடுகிறது.

ஃபீனிக்ஸ், வாட்ஸ்அப் குழு அட்மின்

ஒன்று சேர்க்க வேண்டும். குழுவில் எச்சரிக்கும்போது அந்த லிங்க்கையே ஃபார்வர்டு செய்யாதீர்கள், சரியாகப் படிக்காத நாலு பேர் தட்டிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட் போதும். அந்தக் கணக்கை பிளாக் செய்வதற்கு முன்னால் தேதி, நேரம், புரொஃபைல் முகவரி தெரிகிற மாதிரி அதை எடுத்து வையுங்கள், கேஸ் கொடுக்கும்போது கேட்பார்கள்.