செக் என்ற ஒரு சொல்: கொழிஞ்சாம்பாறைக் குடும்பக் குழு

அத்தை: கோபாலபுரம் செக்போஸ்ட், வங்கியில் கொடுக்கும் செக், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக், கட்டம் போட்ட லுங்கிக்குச் சொல்லும் செக் ஆகிய நான்கும் ஒரே சொல்லா, ஓசை மட்டும் ஒத்த வெவ்வேறு சொற்களா என்று பாப்பா கேட்கிறாள். பெரியண்ணா, நீங்கள் விளக்கினால் அவளுக்கு நன்றாகப் புரியும்.

பெரியப்பா: நான்கும் ஒரே வேரில் கிளைத்தவைதான் அம்மிணி. பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசன். நம் நாட்டுச் சதுரங்கம் அங்கே போய்ச் ‘சத்ரங்’ ஆயிற்று. ராஜாவைத் தாக்கும்போது எதிராளியை எச்சரிக்க ‘ஷா’ என்று குரல் கொடுப்பார்கள். ஆட்டம் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றபோது அந்தக் குரலும் உடன் சென்று, பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ என்று திரிந்து, ஆங்கிலத்தில் ‘செக்’ என்று நிலைத்தது. ‘செஸ்’ என்ற பெயரும் அதன் பன்மையிலிருந்து வந்ததுதான்.

பெரியப்பா: செக் வைக்கப்பட்ட ராஜா நினைத்தபடி ஆட முடியாது. ஆகவே தடுத்து நிறுத்துதல் என்ற பொருள் முதலில் பிறந்தது. கட்டுக்குள் வைத்தல் அதை ஒட்டி வந்தது. பிழையோ திருட்டோ நேராமல் பார்த்துக்கொள்வதிலிருந்து சரிபார்த்தல் என்ற பொருளும் வளர்ந்தது. செக்போஸ்ட்டில் இவை எல்லாமே நடக்கின்றன: குறுக்குக் கட்டையை இறக்கி லாரியை நிறுத்துகிறார்கள், தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள், சீட்டில் உள்ளதைச் சரக்கோடு ஒப்பிடுகிறார்கள்.

அண்ணன்: வாளையாறு செக்போஸ்ட்டில் வணிகவரிச் சோதனை 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு நின்றுவிட்டது. வங்கிச் செக் எதைத் தடுக்கிறது, பெரியப்பா?

பெரியப்பா: மோசடியைத் தடுக்கிறது தம்பி. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அந்தச் சொல் முதலில் பணச்சீட்டின் அடிக்கட்டையைக் குறித்தது. கிழித்துக் கொடுத்த சீட்டு திரும்பி வரும்போது அடிக்கட்டையோடு ஒத்துப் பார்த்தால் போலி தெரிந்துவிடும். பிற்பாடு சீட்டுக்கே அந்தப் பெயர் ஆகிவிட்டது. பிரிட்டனைப் போலவே நம் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அதைக் கியூ எழுத்துப் போட்டு ‘cheque’ என்றுதான் எழுதுகிறது. அமெரிக்கர்கள் மற்ற செக்குகளைப் போலவே எழுதுவார்கள். பாப்பா பரீட்சையில் கியூ போட்டே எழுத வேண்டும்.

சித்தி: லுங்கிக் கட்டத்தை மறந்துவிட்டீர்கள், மாமா.

பெரியப்பா: அது சதுரங்கப் பலகையின் கட்டம். அந்தப் பலகை அரசாங்கத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசரின் அதிகாரிகள் கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து, கட்டங்களில் வில்லைகளை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள். அந்தத் துணியால்தான் அவர்களுடைய கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. வங்கிச் செக்கில் கியூ ஏறியதும் அந்தப் பெயரின் எழுத்தைப் பார்த்துத்தான்.

அத்தை: ‘செக்மேட்’ என்பதில் உள்ள ‘மேட்’ தோழனைக் குறிக்கிறதா என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது, அண்ணா.

பெரியப்பா: இல்லை அம்மிணி, கிளாஸ்மேட்டில் வரும் ‘மேட்’ வேறு சொல். இது ‘ஷா மாத்’ என்ற பாரசீகத் தொடர். ராஜா வழியற்று நிற்கிறான் என்று அதற்குப் பொருள்.