மறு: அறுவைக்கு அப்பாற்பட்ட நுரையீரல் புற்று - சரியான சொல்லா?

எல்லாருக்கும் வணக்கம்,

இந்த இழையில "inoperable" நுரையீரல் புற்றுக்குத் தமிழ்ச்சொல்லா "அறுவைக்கு அப்பாற்பட்ட"ன்னு முடிவாகப் போகுதுன்னு தெரிஞ்சுதான் அவசரமா எழுதறேன். எங்க மாமா ஃபைல்ல "இன்னாப்பரபிள்"னு (inoperable, ஆபரேஷன் பண்ண முடியாதது) ஒரு வார்த்தை இருந்துச்சு, அத சொந்தக்காரர் ஒருத்தர் படிச்சுட்டு "டாக்டர் கைய விரிச்சுட்டாங்க"ன்னு சொல்லிட்டார், அத்தை அன்னிக்கே ஒப்பாரி வைக்காத குறை. ஆனா ட்ரீட்மென்ட்டே அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது. "அப்பாற்பட்ட"ன்னு போட்டாலும் கேக்கறவங்களுக்கு அதே கைவிரிப்புதான் காதுல விழும்.

இதுல ரெண்டு சங்கதி கலந்து கிடக்கு. ஒரு வகை, கட்டி சின்னதா ஆரம்ப நிலையிலதான் இருக்கும், ஆனா பல வருஷம் பீடி குடிச்ச நுரையீரல் ஆபரேஷன் தாங்காது. இவங்களுக்குப் பல சமயம் கீமோவே வேணாம், குறி வச்சு மூணுலேர்ந்து அஞ்சு தடவை பலமா கதிர் குடுத்தே முடிச்சுடுவாங்க. இன்னொரு வகை, ஆள் திடமா இருப்பார், கட்டி நடு நெஞ்சுல நெறிக்கட்டி வரைக்கும் பரவி பெரிய ரத்தக்குழாய ஒட்டிக்கிட்டு இருக்கும், முழுசா எடுக்க வராது. முதல் வகைக்கு "அறுவை தாங்கா", ரெண்டாவதுக்கு "எடுக்கவியலா"ன்னு பிரிச்சுடலாமே. வைத்தியமே வேற வேறயா இருக்கறப்ப ஒரே சொல்ல ரெண்டுக்கும் மாட்டி விடறது நியாயமில்ல.

அடுத்து, கீமோவா கதிரான்னு கேட்டிருந்தீங்க. நான் சொன்ன ரெண்டாவது வகைல, அதாவது எடுக்கவியலா மூணாம் நிலையில (ஸ்டேஜ் 3), கதிர் கட்டி இருக்கற எடத்த அடிக்குது, கீமோ ரத்தத்தோட ஒடம்பு பூரா போய் கண்ணுக்குத் தெரியாம செதறினத தேடுது, அதனால இதுவா அதுவான்னு பட்டிமன்றம் வைக்க முடியாது. 1990ல வந்த அமெரிக்க ஆய்வுல கதிர் மட்டும் வாங்கினவங்க வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டின காலம்) சுமார் 10 மாசம், முன்னாடி கீமோ ஏத்திட்டு கதிர் குடுத்தவங்களுக்கு சுமார் 14. 2011ல வெளியான இன்னொண்ணுல ரெண்டையும் ஒரே சமயத்துல குடுத்தா 17, அடுத்தடுத்து குடுத்தா 14.6. சரி கதிர கூட்டினா இன்னும் நல்லதான்னு 60 கிரேக்கு (கிரேங்கறது கதிர் அளவு) பதிலா 74 குடுத்துப் பாத்தாங்க, ஆயுசு கொறஞ்சுதான் போச்சு. (வேற உறுப்புக்குப் பரவின நாலாம் நிலைல கதை வேற, அங்க மருந்துதான் முதல், கதிர் பெரும்பாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும்.)

இந்த "ஒரே சமயத்துல"க்குத்தான் எனக்கு சொல் வேணும். பள்ளிக்கூடத்துல மூணாம் வேற்றுமைல "உடனிகழ்ச்சி"ன்னு படிச்சோமே, அத எடுத்து "உடனிகழ் வேதிகதிர் சிகிச்சை"ன்னு (வேதிங்கறது கீமோ) வைக்கலாம். "ஆசிரியரோடு மாணவர் வந்தார்"னா 'ஓடு' பெரியவர் பக்கம்தான ஒட்டும், இங்கயும் கதிரோடு கீமோ வருது, கட்டியிருக்கற எடத்துல வேலைய முன்ன நின்னு செய்யறது கதிர், சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்து புற்று செல்லுகள கதிருக்கு இளக்கிக் குடுக்குது. இவ்ளோ கச்சிதமா பொருந்தும்னு நானே எதிர்பாக்கல.

கடைசியா, "கதிரியக்க சிகிச்சை"ய தயவுசெஞ்சு விட்ருங்க. கதிர் குடுக்கற மெஷினான லீனியர் ஆக்சிலரேட்டர்ல கதிரியக்கப் பொருளே கிடையாது, மெஷின நிறுத்தினா கதிரும் நின்னுடும். அந்த வார்த்தைய பேப்பர்ல படிச்சுட்டு மாமா ஒன்றரை மாசம் பேரப்புள்ளய மடில வச்சுக்கல, நெஞ்சுல மார்க்கர் கோடு அழியாம பாத்துக்கிட்டு தள்ளியே உக்காந்திருந்தார். நாலாவது வாரம் தொண்டைக்குக் கீழ எரிச்சல் வந்து மோர்சாதம் கூட எறங்கல, அப்பவும் புள்ளைக்கு ஒட்டிக்குமோன்னுதான் கவலை. வார்டுல எல்லாரும் "கரண்ட் வைக்கிறது"ன்னாங்க, அதுவும் தப்புதான், ஆனா சுவிட்ச அணைச்சா நின்னுடும்ங்கற உண்மை அந்தத் தப்புல இருக்கு.

"கதிர்வீச்சு சிகிச்சை"ல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா? செல்லுகள கதிருக்கு இளக்கற மருந்துக்கு (radiosensitizer) "இளக்கி"ங்கறத கதிர்-உணர்வூட்டிக்கு பதிலா வைக்கலாமான்னும் சொல்லுங்க.