பழைய தேவாலயச் சுவரில் உப்புப் பூக்கிறது: ஆலோசனை தேவை

எங்கள் மரபுப் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் மரபு நடையின் முதல் நிறுத்தமான பழைய தேவாலயத்தில், வடக்குச் சுவரின் அடிப்பகுதி ஈரம் கோத்து, வெண்ணிற உப்புப் பூத்து, பூச்சு பொடிப்பொடியாக உதிர்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட அச்சுவரின்மேல் முந்தைய பழுதுபார்ப்பில் சிமெண்ட் பூசியிருந்ததால், உள்ளிருந்த ஈரம் வெளியேற வழியின்றிப் போனது என்று கருதி, சென்ற கோடையில் அதை உரித்தெடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புக் காரையையே மீண்டும் பூசினோம். கூரைநீர்க் குழாய்களையும் சீராக்கினோம். உப்பை உலர்நிலையிலேயே தூரிகையால் அகற்றி வருகிறோம் (தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே இறங்கிவிடும்). ஆயினும் மழைக்காலம் முடிந்து சுவர் உலரத் தொடங்கியதும், புதிய பூச்சிலும் முழங்கால் உயரம்வரை உப்பு தலைகாட்டுகிறது. நீர்விலக்கி ரசாயனம் பூசலாம் என்ற ஒப்பந்ததாரரின் யோசனை, ஈரத்தை மறுபடியும் உள்ளே அடைத்துவிடும் என்பதால் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை. புதிய பூச்சை உரிக்காமலேயே, காகிதக்கூழ்ப் பற்றுப் போட்டு இந்த உப்பை உறிஞ்சியெடுக்க முடியுமா?