பொங்கலுக்கு வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றி சொல்லப் பிள்ளைகள் தாங்களே செய்யக்கூடிய கைவேலைகள் எவை?

வயலோரம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். ஆண்டுதோறும் தைப் பொங்கலுக்கு என் மாமனார் வீட்டில் கொழுந்தனார், நாத்தனார் குடும்பங்களும் வந்து கூடுவது வழக்கம். 5 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள பிள்ளைகள் போகி முதல் காணும் பொங்கல் வரை ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லுகிற இந்த நாள்களில், வீட்டுப் பெரியவர்களுக்கும், எங்கள் வயலில் நெடுங்காலமாக நடவும் அறுப்பும் செய்துவரும் குடும்பத்தாருக்கும் பிள்ளைகள் தங்கள் கையால் ஏதேனும் செய்து கொடுக்க வேண்டும் என்று இந்த ஆண்டு மிகவும் விரும்புகிறேன்.

கடையில் பெட்டியாக விற்கும் கைவினைப் பொருள்களை வாங்க எனக்கு மனமில்லை. வீட்டிலும் தோட்டத்திலும் கிடைப்பதைக் கொண்டே செய்ய வேண்டும். செய்த பொருள் மறுநாளே குப்பைக்குப் போய்விடக் கூடாது. பிள்ளைகளின் அப்பாயிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது; ஆயினும் பொங்கல் அன்று அடுப்படியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவருக்கு எது பொருந்தும்? மேலும், பிள்ளைகளிடம் தாளைக் கொடுத்தால் “நன்றி அப்பாயி” என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவை வரைந்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் அவர்களை எழுதவைப்பது எப்படி என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

காகிதக்கிளி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். “நன்றி எழுது” என்று சொன்னால் எந்தக் குழந்தையும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதும். அதற்குப் பதிலாக, “போன வாரம் அப்பாயி உனக்காக என்ன செய்தார்? அப்போது நீ எங்கே இருந்தாய்?” என்று கேளுங்கள். மின்சாரம் போன இரவில் தூங்கும்வரை விசிறிக்கொண்டே இருந்தார், சோற்றில் தயிர் ஊற்றும்போது ஏட்டை எனக்கு ஒதுக்கி வைத்தார் என்று பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாத 5 வயதுக் குழந்தை சொல்லச் சொல்ல, பெரிய பிள்ளை எழுதட்டும். ஆனால் திருத்தி அழகுபடுத்த வேண்டாம். குழந்தை சொன்ன மொழியிலேயே இருந்தால்தான் பெரியவர்கள் அதை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கைவேலைக்கு இரண்டு சொல்கிறேன். முதலாவது மாவிலைத் தோரணம். போன ஆண்டு மாத நாள்காட்டியின் தடித்த தாளை இலை வடிவில் வெட்டி, ஒரு பக்கம் நரம்புகளை வரைந்து பச்சை தீட்டி, மறுபக்கம் இலைக்கு ஒரு வாக்கியமாக எழுதி, காம்பை நூலின்மேல் மடித்து ஒட்டினால் போதும். இதற்குக் கடைப் பசையும் தேவையில்லை. ஒரு பங்கு மைதாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, நான்கைந்து பங்கு நீர் ஆகும்வரை சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெண்மை மாறிப் பளபளப்பு வரும், அப்போது இறக்கிவிடலாம். பூச்சி அரிக்காமலிருக்கச் சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் அதை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, என் வகுப்பில் பிள்ளைகள் விடாமல் கேட்டு வாங்கிச் செய்வது. ஒரு கரண்டி மஞ்சள்தூளை அரைக் குவளை நீரில் கலக்கித் துணியில் வடிகட்டி, வெள்ளைத் தடித்தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். இன்னொரு கிண்ணத்தில் சமையல் சோடாவைக் கொஞ்சம் நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். தென்னை ஈர்க்கின் நுனியில் பஞ்சைச் சுற்றி, அந்தச் சோடா நீரைத் தொட்டு மஞ்சள் தாளில் எழுதினால், நீர் பட்ட இடமெல்லாம் செம்பழுப்பாக எழுத்து எழும்பும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி காரப்பொருள் பட்டால் சிவக்கும். ஆரத்தி கரைக்கும்போது நடப்பதும் இதுவே. சுண்ணாம்பு நீரில் நிறம் இன்னும் அடர்த்தியாக வரும் என்றாலும் அது கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஆகவே சோடாவே போதும். இந்த நிறம் வெயிலில் வெளிறிவிடும் என்பதால், அதே வாக்கியத்தைப் பின்பக்கம் பேனாவால் எழுதி, அட்டையைப் புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

பனங்காடு எழுதியது:

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், பேரப்பிள்ளைகள் எடுத்தவன். எங்கள் ஊரில் பொங்கல் பானை பனையோலைத் தீயில்தான் பொங்கும். அந்த ஓலையிலேயே நன்றி எழுதிக் கொடுக்கும் வழி ஒன்றைச் சொல்கிறேன்.

அதிகம் முற்றாத ஓலையை எடுத்து நடு ஈர்க்கை நீக்கி, உள்ளங்கை அகலத்தைவிடச் சற்று நீளமான நறுக்குகளாக்குங்கள். அவற்றை மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கனமான பலகையின்கீழ் ஓரிரு நாள் வைத்தால் சுருளாமல் நேராகிவிடும். இதைப் பெரியவர்கள் முன்கூட்டியே செய்து வைத்துவிட வேண்டும். பிறகு 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மழுங்கிய ஆணியால் அழுத்திக் கீறி எழுதலாம். எழுதும்போது ஒன்றும் தெரியாது. எழுதி முடித்தபின் விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து ஓலை முழுவதும் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டால், மேற்பரப்பில் உள்ள கரியெல்லாம் போய், கீறலுக்குள் இருக்கும் கரி மட்டும் நிற்கும். எழுத்துகள் கறுப்பாகத் தெரியும். முன்னோர்கள் ஓலைச்சுவடிக்கு மையிட்டதும் ஏறக்குறைய இப்படித்தான். ஓலையில் இடம் குறைவு; எனவே ஒரே ஒரு செய்தியைத்தான் எழுத முடியும். பிள்ளை எதைச் சொல்வதென்று யோசிக்கும். எனக்கு அதுவே இந்த வேலையில் பிடித்தது. வெயில் படாமலும் ஈரம் படாமலும் வைத்தால் ஓலை பல ஆண்டுகள் இருக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு ஆணி வேண்டாம். ஓலையில் காற்றாடி மடிக்கச் சொல்லிக் கொடுங்கள். அதையே அவர்கள் தாத்தாவுக்குக் கொடுக்கட்டும்.

இன்னொன்றையும் உரிமையோடு சொல்கிறேன், அம்மா. வயலில் உழைக்கும் குடும்பத்தாரை உங்கள் முற்றத்துக்கு வரவழைத்து, எல்லாரும் பார்க்க நிறுத்திவைத்து அட்டை கொடுக்காதீர்கள். பிள்ளைகளை நீங்களே அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். வழக்கமாகக் கொடுக்கும் புத்தரிசி, வெல்லம், கரும்பு, துணிமணிகளில் எதையும் குறைக்காமல், அவற்றோடு பிள்ளைகள் செய்ததையும் வைத்துக் கொடுங்கள். கூலியையும் மரியாதையையும் சரியாகக் கொடுக்காத இடத்தில் காகித வேலைப்பாட்டுக்கு மதிப்பில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளோடு உட்காரவைத்து, தங்கள் பாட்டி தாத்தாவுக்கு ஒன்று செய்யச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஓட்டுத்தையல் எழுதியது:

பார்வை மங்கியவருக்கு எழுத்து அட்டை எதற்கு என்பது என் எண்ணம். அடுப்படியை விடாதவர் என்றால் அவருக்குப் பிடிதுணி தைத்துக் கொடுங்கள். பொங்கல் பானையை இறக்கும்போது புடவைத் தலைப்பையோ கைக்குக் கிடைத்த கிழிசலையோ பிடித்துக் கை சுட்டுக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

உள்ளே பழைய பருத்தி வேட்டியை நான்கு மடிப்பாக வையுங்கள். வெளிப்புறத்துக்குப் பிள்ளைகளுக்குச் சிறியதாகிப் போன சட்டை, பாவாடைகளிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்து இணையுங்கள். பக்கத்துக்கு 18 சென்டிமீட்டர் போதும். எல்லாம் நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் கலந்த துணி சூடான பாத்திரத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்தால் பிளாஸ்டிக் பொத்தான், சமிக்கி எதுவும் வேண்டாம். சிறியவர்கள் சாக்கட்டியால் விரலகலத்துக்கு ஒரு கோடு போடட்டும். 8 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, அந்தக் கோட்டின்மேல் ஓட்டுத்தையல் போடட்டும். தையல் கோணலாக இருந்தால் பிரித்துப் போடாதீர்கள். ஒரு மூலையில் ஆணியில் மாட்ட வளையம் வையுங்கள்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் துண்டின்மேல் கனமான நூலால் முடிச்சுத் தையல் போடட்டும்: மூத்த பிள்ளைக்கு ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று என்று. அப்பாயி விரலால் தடவியே இது யாருடையது என்று கண்டுகொள்வார். காகிதக்கிளி சொன்னதுபோல் பிள்ளைகள் சொல்ல நினைப்பதைக் கொடுக்கும்போது வாயாலேயே சொல்லட்டும். ஆனால் கூட்டத்தின் நடுவே நிற்கவைத்துச் சொல்லச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளை அழுதுவிடும். அப்பாயி தனியாக இருக்கும் நேரத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கொடுப்பது நல்லது.

நெட்டிமாலை எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். மாட்டுப் பொங்கலுக்கும் பிள்ளைகள் ஏதேனும் செய்ய ஆசைப்படுவார்கள். டெல்டாப் பகுதியில் குளக்கரைச் செடியான நெட்டியை நறுக்கிச் சாயமேற்றிக் கோத்த மாலையை மாட்டுக்கு அணிவிப்பது தொன்றுதொட்ட வழக்கம். அதைச் செய்பவர்களிடமே வாங்குவது அவர்களுக்கு நாம் காட்டும் நன்றியாகவும் இருக்கும். வீட்டில் செய்வதானால் மாவிலை, வேப்பிலை, ஆவாரம்பூ ஆகியவற்றை வாழைநாரில் கட்டுங்கள். ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் பூ, பலூன் ஆகியவற்றைக் கட்டாதீர்கள். மாடு கழுத்தைத் திருப்பிக் கடித்து விழுங்கிவிடும், அது வயிற்றில் தங்கி உயிருக்கே கேடாகும்.

வயலோரம் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாயிக்குப் பிடிதுணிதான் என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகளின் பழைய துணிகளைக் கொண்டுவரும்படி நாத்தனாருக்கும் ஓரகத்திக்கும் இன்றே சொல்லிவிட்டேன். தாத்தாவுக்கு ஓலை. எங்கள் பக்கம் பனை குறைவு என்பதால் வாய்க்கால் கரையில் நிற்கும் மரத்திலிருந்து ஓலை வெட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் மஞ்சள் தாளில் எழுதச் சொல்வேன்.

பனங்காடு ஐயா சொன்னதை என் கணவரிடமும் மாமனாரிடமும் படித்துக் காட்டினேன். பொங்கலன்று மாலை பிள்ளைகளுடன் நாங்களே அவர்கள் வீட்டுக்குச் செல்வதென்றும், போகியன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் எங்கள் திண்ணைக்கு அழைத்து ஒன்றாக வேலை செய்வதென்றும் மாமனாரே சொல்லிவிட்டார். ஓட்டுத்தையல் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: வேட்டித் துணி பல முறை துவைத்து மெலிந்துவிட்டது, நான்கு மடிப்பு போதுமா, ஆறாக வைக்கலாமா?

ஓட்டுத்தையல் எழுதியது:

மெலிந்திருந்தால் ஆறு வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் பிள்ளைகளின் கையால் ஊசி ஏறாது. தைத்து முடித்ததும், அப்பாயியிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு முறை சுடுபாத்திரத்தைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.