எக்ஸ்ட்ரா பால்: கூடுதல் பந்தா, மறுபந்தா?

அனுப்புநர்: விளக்கன்
பொருள்: எக்ஸ்ட்ரா பாலுக்குக் கலைச்சொல் வேண்டும்

அன்பர்களே,

எஃகுப் பந்து கீழே விழாமல் ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் அடித்து ஆடும் வீட்டு பின்பால் எந்திரங்களுக்கான அமைப்புக் கையேட்டைத் தமிழில் எழுதும் வேலையில் "ஆட்டத்துக்குப் பந்துகள்", "டில்ட் எச்சரிக்கை" என்று இரண்டு வரி தடையில்லாமல் ஓடிவிட்டது. மூன்றாவது வரியில் எக்ஸ்ட்ரா பால், அதாவது ஆடி ஈட்டினால் அதே ஆளுக்கு மறுபடி ஆடக் கிடைக்கும் பந்து, வந்து குறுக்கே நிற்கிறது. அப்படியே எழுதினால், "அதிகபட்ச எக்ஸ்ட்ரா பால்" என்று படிக்கிறவர் பால்காரரைத் தேடிப் போய்விடுவார்.

ஒற்றைச் சொல் போதாது, அதிலிருந்து கிளைக்கும் குடும்பமே வேண்டும். 1990களின் வில்லியம்ஸ், பேலி நிறுவனங்களின் டபிள்யூ.பி.சி. என்ற கட்டுப்பாட்டுப் பலகை கொண்ட எந்திரங்களில், அமைப்புப் பட்டியலின் ஏ.1 03 என்ற வரி எக்ஸ்ட்ரா பாலின் உச்சவரம்பு, ஏ.1 04 என்பது ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பந்துக்குள் எத்தனை பெறலாம் என்ற வரம்பு. ஸ்டெர்ன் நிறுவன எந்திரங்களில் எக்ஸ்ட்ரா பால் வரம்பு தனி, விழுக்காடு தனி. இவை போக, விளக்கு எரிந்து காத்திருக்கும் நிலை ஒன்று, அதை அடித்துப் பெற்றுவிட்ட நிலை இன்னொன்று. எல்லாவற்றோடும் ஒட்டி வரும் சொல்லாக இருக்க வேண்டும்.

இப்போதைக்குக் "கூடுதல் பந்து" என்று போட்டு வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?

---

அனுப்புநர்: சுருள்கம்பி
> இப்போதைக்குக் "கூடுதல் பந்து" என்று போட்டு வைத்திருக்கிறேன்

மறுப்பு உண்டு. கூடுதல் பந்து என்றதும் ஆடுகளத்தில் இன்னொரு பந்து உருள்வதுதான் மனத்தில் தோன்றும். அது மல்டிபால். எக்ஸ்ட்ரா பாலில் எந்தப் பந்தும் கூடுவதில்லை. விழுந்த பந்துகள் தங்கும் தொட்டியில் நான்கு எஃகுப் பந்து இருந்தால் நான்கேதான். கூடுவது ஆடும் வாய்ப்பு. பந்து கீழே விழுந்தபின் ஆட்டம் அடுத்தவருக்குப் போகாமல் அதே ஆளுக்குத் திரும்புகிறது. திரையில் பந்து எண் 2 என்று இருந்தால் 2 ஆகவே நீடிக்கும், மூன்றுக்கு நகராது. ஃபிளிப்பர்களுக்கு நடுவே உள்ள விளக்கில் பொறித்திருப்பதும் "மறுபடி அடி" என்ற கருத்துத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். மல்டிபால் நடக்கையில் குறித்த இலக்கை அடித்தால் களத்துக்கு மேலும் ஒரு பந்து வரும் வசதி புதிய எந்திரங்கள் பலவற்றில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் அதுதான் கூடுதல் பந்து. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே எதைச் சொல்வது?

---

அனுப்புநர்: எழுத்தாணி

மூன்று மாற்றுகள்: உபரிப்பந்து, கொசுறுப்பந்து, ஈட்டுப்பந்து. கடைசியது என் விருப்பம். ஆடி ஈட்டியது என்பது அதிலேயே இருக்கிறது.

---

அனுப்புநர்: சுருள்கம்பி

உபரி என்பது தேவை போக மிஞ்சியது. எக்ஸ்ட்ரா பால் மிஞ்சுவதில்லை. கொசுறு கேட்க இனிமை, ஆனால் கொசுறு உழைக்காமல் வருவது. "உதிரி" பக்கமும் போக வேண்டாம், கிரிக்கெட் வருணனையில் அது வைடுக்கும் நோபாலுக்கும் குடியிருக்கிறது.

ஈட்டுப்பந்தில் நுட்பமான வம்பு. ஈட்டு என்பதை ஈட்டுதல் என்று நீங்கள் படிக்கிறீர்கள். ஈட்டுறுதி, நட்டஈடு பழகிய கண் அதை ஈடு என்று படிக்கும். இழந்ததற்கு ஈடாகத் தரும் பந்து என்றால் அது பால் சேவர். பந்து களத்துக்கு வந்த சில நொடிகளில் விழுந்துவிட்டால் எந்திரம் தானே திருப்பி விடுமே, அது. எக்ஸ்ட்ரா பாலின் கணக்கில் அது சேராது.

---

அனுப்புநர்: நாணயக்கதவு

எந்திரம் என்ன செய்கிறது என்பதை முழுக்கப் பரப்பி வைத்துவிட்டுச் சொல்லுக்கு வரலாம். கையேட்டைப் பிடித்துக்கொண்டு அமைப்பை மாற்றப்போகிறவருக்கு இவ்வளவும் வேண்டியிருக்கும்.

முதலில் வரம்பு. "வரம்பு 2" என்று எழுதினால் மூன்று பொருள் வரும். ஆட்டம் முழுவதற்கும் இரண்டா? ஒரே நேரத்தில் கையிருப்பாகச் சேர்த்து வைக்கக்கூடியது இரண்டா? ஒரு பந்துக்குள் பெறக்கூடியது இரண்டா? கையிருப்பு வரம்பு மட்டும் உள்ள எந்திரத்தில், பெற்றதைச் செலவழித்துவிட்டு அடுத்ததைப் பெறலாம், சங்கிலி அறுவதே இல்லை. ஒரு பந்துக்கான வரம்புதான் அந்தச் சங்கிலியை வெட்டுகிறது. ஆகவே சொல் எதுவானாலும் மொத்த வரம்பு, கையிருப்பு வரம்பு, பந்துவாரி வரம்பு என்று மூன்று முன்னொட்டும் ஏற்க வேண்டும்.

அடுத்தது விழுக்காடு. இது இத்தனை விழுக்காடு ஆட்டங்களில் கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதி அல்ல. இதுவரை எவ்வளவு அடிக்கடி கொடுத்தோம் என்று மென்பொருள் தன் கணக்கைப் பார்த்து, விளக்கு எரியத் தேவையான அடிகளைக் கூட்டியோ குறைத்தோ அந்த இலக்கை நோக்கி நகர்த்துகிறது. பலதரப்பட்டோர் வந்து ஆடும் பொது இடத்துக்கு அது பொருந்தும். வீட்டில் ஆடுவது அதே நாலு பேர். அதில் ஒருவர் கைதேர்ந்தவர் என்றால் அவர் ஆட்டத்தை அளவுகோலாக வைத்து எந்திரம் எல்லாருக்கும் கடினமாகிவிடும். நிலையான மதிப்பைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால் தானியங்கியை விட்டுவிட்டு அதைத் தேர்ந்தெடுப்பதே மேல். "விழுக்காட்டு இலக்கு" என்று எழுதினால் குழப்பம் குறையும்.

மூன்றாவது, பரிசு. வீட்டில் எந்திரம் காசில்லா ஆட்டத்தில் இருக்கும்போது இலவச ஆட்டம் பரிசாக வருவதில் பொருளே இல்லை. அதனால் ரீப்ளே பரிசையும் (குறித்த புள்ளியை எட்டினால் வருவது) ஸ்பெஷல் பரிசையும் (குறித்த இலக்கை அடித்தால் வருவது) எக்ஸ்ட்ரா பாலுக்கு மாற்றுவது வழக்கம். மாற்றினால் மறைமுகமாக இன்னொரு வாசல் திறக்கிறது, வெறும் புள்ளி சேர்ப்பதாலேயே எக்ஸ்ட்ரா பால் வரும். வரம்பைக் குறைத்தும் எங்கிருந்தோ வருகிறது என்று குழம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது. 1993, 94 வாக்கில் வந்த சில வில்லியம்ஸ், பேலி எந்திரங்களில் பை-இன் என்று விலைக்கு வாங்கும் பந்தும் உண்டு. காசில்லா ஆட்டத்தில் அதற்கு விலை இல்லை என்பதால் முடக்கிவிடுவது நல்லது.

1970களின் கடைசி, 1980களின் தொடக்கப் பேலி எந்திரங்களில் இந்த அமைப்புப் பட்டியல் எதுவும் இல்லை. முதன்மை மின்சுற்றுப் பலகையில் எட்டெட்டாக நான்கு தொகுதி, மொத்தம் 32 சிறு சுவிட்சுகள். ஸ்பெஷலுக்கு இலவச ஆட்டமா, எக்ஸ்ட்ரா பாலா, புள்ளியா என்பதைப் பல எந்திரங்களில் அங்கேதான் தீர்மானிக்கிறோம். எந்திரத்தை அணைத்து, செருகியைப் பிடுங்கியபின் தொடவும்.

எத்தனை வைப்பது? என் கருத்து: புதியவரும் தேர்ந்தவரும் சேர்ந்து ஆடும் வீட்டில் எக்ஸ்ட்ரா பால் இடைவெளியை அகலமாக்குகிறது, ஏனெனில் அது போவது தேர்ந்தவருக்கு. புதியவருக்கு உதவ வேண்டுமென்றால் ஐந்து பந்து ஆட்டம் வையுங்கள், பால் சேவர் நொடிகளை நீட்டுங்கள், எக்ஸ்ட்ரா பாலைப் பூச்சியமாக்குங்கள். தனியாக ஆடுகிறவருக்கு மூன்று பந்து, பந்துவாரி வரம்பு ஒன்று. நால்வர் ஆட்டத்தில் காத்திருப்பைக் கணக்கிடுங்கள். ஒரு பந்து ஒரு நிமிடம் என்றால் 4 பேர், 3 பந்து, 12 நிமிடம். ஆளுக்கு இரண்டு எக்ஸ்ட்ரா பால் சேர்ந்தால் 20. போட்டிகளில் முடக்குவதுதான் நடைமுறை. முடக்க வழியில்லாத எந்திரத்தில் எக்ஸ்ட்ரா பாலை ஆடாமல் உந்திவிட்டு விழ விடச் சொல்வார்கள்.

முடக்கினால் அந்த விளக்கு என்ன ஆகும் என்று பார்க்க மறக்க வேண்டாம். சில எந்திரங்கள் அதற்குப் பதில் புள்ளி தரும். அந்தப் புள்ளி பெருந்தொகையாக இருந்தால் ஆட்டத்தின் உத்தியே அந்த இலக்கைச் சுற்றத் தொடங்கிவிடும்.

---

அனுப்புநர்: பழம்பலகை

வரலாற்றுப் பக்கம் ஒரு தடை. 1960ல் காட்லீப் நிறுவனம் ஃபிளிப்பர் என்ற எந்திரத்தில் தொடங்கிய ஆட்-எ-பால் வகை இருக்கிறது. இலவச ஆட்டம் பரிசாகத் தருவதைச் சூதாட்டம் என்று தடுத்த இடங்களுக்காக, ஆட்டத்துக்குப் பதில் பந்தைப் பரிசாக்கினார்கள். அங்கே மீதிப்பந்து எண்ணிக்கை கண்முன்னே ஏறும். பந்து எண் நிலையாக நிற்கும் எக்ஸ்ட்ரா பாலிலிருந்து அது வேறு. டபிள்யூ.பி.சி.யின் முன்னமைவுகளிலும் ஆட்-எ-பால் என்ற பெயர் உயிரோடு இருக்கிறது. எனவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

அதோடு சுருள்கம்பி சொன்ன மல்டிபால் சேர்ப்பையும் இன்று ஆட்-எ-பால் என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள். நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

---

அனுப்புநர்: சுருள்கம்பி

அப்படியானால் என் முன்மொழிவு: மறுபந்து. மறுபடி அடிப்பது, அதே ஆள், அதே எண். ரீப்ளேயை மறுஆட்டம் என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். மறுபந்து வரம்பு, மறுபந்து விளக்கு, மறுபந்து இலக்கு என்று ஒட்டிப் பார்த்தேன், நாக்கில் தடுக்கவில்லை.

ஆட்-எ-பால் வகைக்குப் பந்தேற்ற வகை. மல்டிபால் பல்பந்து, அதன் நடுவே வருவது களச்சேர்ப்புப் பந்து. பால் சேவர் பந்துக் காப்பு.

---

அனுப்புநர்: எழுத்தாணி

பந்துக் காப்பிலும் பந்து மறுபடிதானே வருகிறது? அதையும் மறுபந்து என்று எவராவது சொன்னால்?

---

அனுப்புநர்: நாணயக்கதவு

சொல்வார்கள். எந்திரத்திலும் அந்தக் குழப்பம் உண்டு என்பதால் கையேட்டில் ஒரு பத்தி ஒதுக்கிவிடலாம். பந்து திரும்பி வருவதற்கு நான்கு காரணம் இருக்கலாம். மறுபந்து: ஈட்டியது, விளக்கு எரியும், முதலில் கிடைத்த பந்து விழுந்து போனஸ் எண்ணி முடித்தபிறகு வரும். பந்துக் காப்பு: நேரக்கணக்கு, போனஸ் எண்ணாமலே பந்து உடனே திரும்பும். மூன்றாவது, களத்தில் எந்த சுவிட்சையும் தொடாமல் விழுந்த பந்து, அதை ஆடிய பந்தாகவே எண்ணாமல் பல எந்திரங்கள் திருப்பித் தரும். நான்காவதுதான் பழுது. தொட்டியின் சுவிட்சோ ஒளிஉணரியோ பந்தைச் சரியாக எண்ணாவிட்டால் காரணமில்லாமல் இரண்டாம் பந்து வெளியே வரும். வரம்பைப் பூச்சியமாக்கியும் பந்து வந்துகொண்டே இருந்தால் பட்டியலில் தேடாதீர்கள். சுவிட்ச் சோதனைக்குப் போய் ஒவ்வொரு பந்தாகத் தொட்டியில் உருட்டி, நிலை மாறுகிறதா என்று பாருங்கள்.

மறுபடி அடிக்கச் சொல்லும் விளக்கு எரிந்துபோயிருந்தால் இன்னொரு வேடிக்கை. ஆட்டக்காரர் தன் முறை முடிந்ததென்று விலகுவார், அடுத்தவர் வந்து அவர் பந்தை ஆடிவிடுவார். அமைப்பை மாற்றும்போதே விளக்குச் சோதனையும் செய்துவிடவும்.

மறுபந்துக்கு என் வாக்கு.

---

அனுப்புநர்: விளக்கன்

எதிர்ப்பு ஓய்ந்த மாதிரி தெரிகிறது. கையேட்டுப் பக்கத்தின் வரைவு இது, கிழித்துத் தொங்கவிடுங்கள்:

"நாணயக் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பொத்தான்களால் பட்டியலுக்குள் செல்க. இப்போதுள்ள மதிப்புகளை முதலில் தாளில் எழுதிக்கொள்க. டபிள்யூ.பி.சி. பலகையில் அமைப்புகளைக் காப்பது மூன்று ஏ.ஏ. மின்கலங்கள், அவை தீர்ந்தால் எல்லாம் தொழிற்சாலை மதிப்புக்குத் திரும்பும், கசிந்தால் பலகையே அரிக்கும். மறுபந்து வரம்பை மாற்றுக. பந்துவாரி வரம்பை மாற்றுக. மறுஆட்டப் பரிசும் ஸ்பெஷல் பரிசும் மறுபந்து தருமாறு உள்ளனவா என்று பார்க்க. பட்டியலிலிருந்து வெளியேறி, கதவை மூடி, களத்தை மூடும் கண்ணாடி இல்லாமல் ஓர் ஆட்டம் தொடங்கி, இலக்குகளைக் கையால் அழுத்தி மறுபந்து விளக்கை எரியவிட்டு, எத்தனை பெற முடிகிறது என்று எண்ணுக. முடிந்ததும் கணக்குப் பதிவுகளையும் உயர்புள்ளிகளையும் அழிக்க."

---

அனுப்புநர்: நாணயக்கதவு

இரண்டு திருத்தம். கதவை மூடச் சொன்னதற்குக் காரணம் எழுதுங்கள்: பிற்கால டபிள்யூ.பி.சி.யிலும் ஸ்டெர்னிலும் கதவு திறந்திருந்தால் பந்தை உதைக்கும் மின்காந்தச் சுருள்களுக்கான உயர்மின்னழுத்தம் துண்டிக்கப்படும். எதுவும் உதைக்காது, பழுது என்று பயப்படுவார்கள். கண்ணாடி எடுத்திருக்கும்போது பந்து எகிறும் என்பதால் பந்தைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு மாதம் ஆடியபின் கணக்குப் பதிவில் மொத்த மறுபந்துகளை மொத்த ஆட்டங்களால் வகுத்துப் பார்க்கும் வரியும் சேர்க்கலாம். 60 ஆட்டத்தில் 48 என்றால் ஆட்டத்துக்கு 0.8. மூன்று பந்து ஆட்டத்துக்கு அது அதிகம் என்பேன்.

---

அனுப்புநர்: பழம்பலகை

"ஆஃப்" என்ற மதிப்பை மட்டும் அப்படியே விடாதீர்கள். வரம்பு வரிகளில் அது ஓரிடத்தில் "மறுபந்து கிடையாது" என்றும், வேறிடத்தில் "வரம்பு கிடையாது" என்றும் பொருள்படும். இரண்டும் நேர் எதிர். "இல்லை" என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? ஒவ்வொரு எந்திரத்துக்கும் சோதித்துப் பார்த்து, வரிக்கு வரி "மறுபந்து இல்லை", "வரம்பில்லை" என்று பிரித்து எழுதுங்கள்.