அப்டேட்: பீஃப் கொத்துக்கறி சாண்ட்விச், இந்த தடவ பிரெட் ஊறல

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, வேலை முடிஞ்சு ஏழரைக்கு வந்து அரை கிலோ பீஃப் கொத்துக்கறிய வதக்கி பிரெட்டுல வச்சா அடிப்பக்கம் சொதசொதன்னு ஆகி கையோட பிஞ்சு வருதுன்னு. நேத்து சரியா வந்துருச்சு மக்களே.

தப்பு எம்மேலதான். கொத்துன கறிய வீட்டுக்கு வந்து அலசிட்டு இருந்தேன், அது தண்ணிய இழுத்து வச்சுக்கிட்டு சட்டில வதங்காம வெந்துக்கிட்டே கெடக்கும். இப்ப நெல்பேட்டை கறிக்கடைல வாங்குறப்பவே "பாய், துண்டாவே அலசி நல்லா வடியவிட்டு கொத்திக் குடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

இரும்புச் சட்டிய நல்லா காயவிட்டு கறிய பரப்பிட்டு ரெண்டு மூணு நிமிஷம் கரண்டியே போடல, அடி செவந்தப்புறம்தான் பிரட்டுனேன். சலசலன்னு வர்ற தண்ணி சத்தம் அடங்கி சடசடன்னு எண்ணெ சத்தம் வரணும், அதான் கணக்கு. அப்புறம் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மிளகுத்தூள், ஒரே ஒரு ஸ்பூன் தக்காளி சாஸ், அவ்ளோதான். கொத்துக்கறி உள்வரைக்கும் 71 டிகிரி செல்சியஸ் சூடாகணும், அரைவேக்காடு வேணாம்.

பன்ன ரெண்டா வெட்டி வெண்ணெ தடவி அதே சட்டில கவுத்துட்டேன், மொறுமொறுன்னு ஆனதுல சாறு உள்ள இறங்கல. அடுப்பு பத்த வச்சதுல இருந்து தட்டுக்கு வர இருபத்தஞ்சு நிமிஷம்.

சீஸ் வைக்கச் சொன்னவங்க மன்னிச்சுக்கோங்க, மிளகுக்கு முன்னாடி அது எடுபடல. மிச்சக் கறி காலைல தோசைக்குள்ள போயிருச்சு.