மறு: மூடிய லீக்கா, உரிம லீக்கா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜெர்மன் பனி ஹாக்கிக் கட்டுரையின் வரைவை நேற்றிரவு படித்தேன். "1994 டிசம்பரில் மியூனிக் அணி கீழிறக்கப்பட்டது" என்ற வரிக்கு மேல் நகர முடியவில்லை. அந்த அணியை யாரும் கீழ்ப்பிரிவுக்கு இறக்கவில்லை. இறங்குவதற்குப் படியே வைக்காமல் கட்டிய லீக் அது. புள்ளிகளால் அல்லாமல் உரிமத்தால் அணிக்கு இடம் கிடைக்கும் இப்படிப்பட்ட லீக்குக்கு நாம் தேடுகிற தமிழ்க் கலைச்சொல்லின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது.

1958 முதல் ஜெர்மனியின் முதல் பிரிவாக நடந்துவந்த பனி ஹாக்கி புண்டெஸ்லிகாவில் ஓர் அணியின் இடத்தைப் புள்ளிப்பட்டியல் தீர்மானித்தது. தோற்றால் இறங்கலாம், வென்றால் ஏறலாம். அந்தப் பயத்தில் கையில் இல்லாத காசை ஆட்டக்காரர்களுக்குக் கொட்டிக் கடனில் மூழ்கிய கழகங்கள் பல. அதனால்தான் 1994இல் வட அமெரிக்க லீக்கைப் பார்த்து டாய்ச்ச ஐஸ்ஹாக்கி லீகாவை அமைத்தார்கள். இரண்டாம் பிரிவிலிருந்தும் சிலரைச் சேர்த்து 18 அணிகள். தொழில்முறை அணியைக் கழகத்திலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக நடத்த வேண்டும், கணக்கைக் காட்டி உரிமம் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் பருவமே அந்த ஏற்பாட்டுக்குச் சோதனையாகிவிட்டது. 1994 வசந்தத்தில் பழைய லீக்கின் கடைசிக் கோப்பையை வென்ற மியூனிக் அணி, புதிய லீக்கில் 'மேட் டாக்ஸ்' என்று ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு ஆட வந்தது. (வெறிநாய்கள் என்று யாரும் மொழிபெயர்த்துவிட வேண்டாம், பெயரைப் பெயராகவே விடுவோம்.) டிசம்பரில் பணம் தீர்ந்து பாதியிலேயே விலகியது. சாம்பியனுக்கே இந்தக் கதி. ஆகவே வரைவில் 'விலகியது' என்று எழுதுங்கள். மற்ற 17 அணிகளோடு பருவம் முடிந்தது. இறுதிச்சுற்றில் கொலோன் அணி வென்றது. எதிரே நின்றது லாண்ட்ஸ்ஹூட். புதுப்பெயர் மோகத்தில் சிக்காமல் பழைய சங்கப் பெயரையே வைத்துக்கொண்ட பவேரியச் சிறுநகர அணி அது. எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பாசம் உண்டு.

இனி சொல்லுக்கு வருவோம். 'மூடிய லீக்' என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருக்கிறார். தமிழில் 'மூடிய கடை' என்றால் சாத்திப் பூட்டிய கடை, அதில் வியாபாரம் இல்லை. மூடிய லீக்கும் கலைக்கப்பட்ட லீக்காகவே காதில் விழும். அதைவிடப் பெரிய குறை, இந்த லீக் எல்லாக் காலத்திலும் மூடியே இருந்துவிடவில்லை. 2021-22 பருவத்தில் கீழிறக்கம் மீண்டும் வந்தது, கிரெஃபெல்ட் அணி இறங்கியது. அன்றும் உரிமம் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. கதவு திறந்தாலும் பொய்யாகாத சொல் வேண்டும்.

என் பரிந்துரை: உரிம லீக். உரிமம் என்றதும் ஓட்டுநர் உரிமமும் கடை உரிமமும்தான் நினைவுக்கு வருகின்றன என்று ஓர் எதிர்ப்பு வந்தது. வரட்டும். காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும், தாள் சரியில்லை என்றால் கொடுக்க மாட்டார்கள் என்ற மூன்றும் அந்த ஒரே சொல்லில் வாசகருக்குக் கிடைத்துவிடுகின்றன. 'உரிமை லீக்' மட்டும் வேண்டாம். உரிமை பிறப்பிலேயே வருவது, உரிமம் கேட்டு வாங்குவது.

அன்புடன்.

* * *

ஐயா,

'மூடிய' என்பதை நானே திரும்பப் பெறுகிறேன். கடை உவமைக்கு என்னிடம் பதில் இல்லை. 'லீக்' என்பதற்குத் 'தொடர்' போடலாமா என்று யோசித்தேன். ஆனால் இரண்டு நாடுகள் மூன்று ஆட்டம் ஆடினாலும் நாளிதழில் தொடர்தான், குழப்பும். லீக்காகவே இருக்கட்டும்.

ஒரே ஓர் ஐயம். உரிமம் பெற்ற அணியை 'உரிம அணி' என்பதா, 'உரிமம் பெற்ற அணி' என்றே விரித்து எழுதுவதா? பட்டியல் தலைப்பில் இடம் குறைவு. நாளை காலைக்குள் சொன்னால் வரைவில் திருத்திவிடுவேன். மியூனிக் வரியை இப்போதே மாற்றிவிட்டேன்.